அருள்விழிக்கு ஒரு பூசை

கல்மண்டபம் மார்க்கெட்டில் சிலுவையம்மாளிடம் மீன் வாங்க வருகிறவர்கள் ரெண்டு வகை. மீனுக்காக வருகிறவர்கள் வாங்கினோமா போனோமா என்று இருப்பார்கள். கதைக்காக வருகிறவர்கள் பையைக் கீழே வைத்துவிடுவார்கள். சங்கராவைச் செதில் எடுக்கச் சொல்வார்கள், எடுத்தபிறகு தலையைத் தனியாகப் போடச் சொல்வார்கள், அப்புறம் துண்டு பெரிசாக இருக்கிறது என்பார்கள். அவளும் சளைத்தவள் இல்லை. கதை எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவு நேரத்துக்கு அரிவாள்மணையில் மீனை இழுப்பாள்.

கதை என்றால் வேறொன்றும் இல்லை, முந்தின நாள் ஏழரை மணிக்கு டிவியில் வந்த சீரியல். எங்கள் பக்கத்துப் பெண்கள் விடியும் முன்னே காசிமேட்டுக்கு ஏலம் எடுக்கப் போகிறவர்கள். சாயங்காலம் சோறு ஆக்கி இறக்கியதும் கண் சொருகிவிடும். பாதி சீரியலில் குறட்டை விட்டவளுக்கு மறுநாள் மீதி தெரிந்தாக வேண்டுமே. சிலுவையம்மாள் மட்டும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் முழுசாகப் பார்த்துவிடுவாள். பார்த்ததை மறுநாள் மீன் கூடையோடு கொண்டுவந்து இறக்கி வைப்பாள்.

"நேத்து இன்னா ஆச்சுக்கா?" என்று பக்கத்துப் பலகையில் கருவாடு விற்கும் கெங்கம்மா ஆரம்பித்து வைப்பாள்.

"இன்னா ஆச்சா? அந்த சௌந்தரவல்லி பால்ல மருந்து கலந்துட்டா."

"ஐயோ, அருள்விழி குடிச்சிட்டாளா?" இது மீன் வாங்க வந்த ஒருத்தி.

"கால் கிலோ எறா கேட்டியே, போட்டுடவா?"

"அரை கிலோவாவே போடு. குடிச்சிட்டாளா?"

"டம்ளர வாய்கிட்ட கொண்டாந்தா. அதோட தொடரும்னு போட்டான்."

ஆட்டோ ஓட்டும் அத்தாவுல்லா தினமும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வருவான். "எனக்கு இன்னாத்துக்கு சீரியலு? வூட்டுக்காரி கேட்டுகினு வரச் சொன்னா" என்பான்.

"உன் வூட்டுக்காரி நேத்து எங்கூட குந்தி தானே நைனா பாத்தா. நீ இப்ப யாருக்குக் கேக்குற?"

அவன் காதில் விழாத மாதிரி வஞ்சிரத்தின் விலையைக் கேட்பான்.

'அலைமேல் தீபம்' என்பது அந்த சீரியலின் பேர். பெரிய வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஏழைப் பெண் அருள்விழி. அவளை ஒழித்துக்கட்டப் பார்க்கும் மாமியார் சௌந்தரவல்லி. மூணு வருஷமாக அவள் ஒழிக்கப் பார்க்கிறாள், இவள் தப்பிக்கிறாள். கல்மண்டபத்தில் பாதிப் பெண்களுக்கு சொந்த மாமியார் பேர் மறந்தாலும் சௌந்தரவல்லி பேர் மறக்காது.

சிலுவையம்மாள் என் கூடப்பிறந்த அக்கா மரியக்கண்ணுவின் கடைசி மகள். நான் அவளுக்குத் தாய்மாமன். காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். குத்தின ஆசாரியை விட்டுவிட்டு என் கையைக் கடித்தாள். நான் படித்தது மூணாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குப் போகாத நேரமெல்லாம் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்ததால், எங்கள் ஜனத்தில் யாருக்கு யார் என்ன முறை, செத்தவர்கள் கல்லறையில் எந்த வரிசை என்பதெல்லாம் மனசில் தங்கிவிட்டது.

சிலுவையம்மாளின் வீட்டுக்காரர் சைமன் கப்பலில் கலாசி. நல்ல பாட்டுக்காரன். மகள் சாண்ட்ரா நாலாவது படிக்கும்போது எங்கேயோ தூரத் துறைமுகத்தில் கப்பல் நிற்கையில் விபத்தில் போய்விட்டான். மூடின பெட்டியில் வந்தான். திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முகம் பார்க்காமலே அடக்கம் பண்ணினோம். அன்றைக்கு சிலுவையம்மாள் அழவில்லை. பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடக்கம் முடிந்த பிறகு ரொம்ப நாள் வரைக்கும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

அப்புறம் மீன் கூடையைத் தூக்கினாள். கூடை தலையில் ஏறினதும் வாயும் திறந்தது. சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். மகளை எம்.காம் வரைக்கும் படிக்க வைத்தாள்.

சாண்ட்ரா திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் கிடங்கு ஆபீசில் வேலை பார்க்கிறாள். அதே பஸ்ஸில் எண்ணூருக்கு வேலைக்குப் போகிற ஃபிட்டர் பையன் பிராங்கிளின். தினம் ஒரே பஸ், ஒரே கூட்டம்; பழக்கமாகிவிட்டது. ரெண்டு பேருக்கும் பிடித்துப்போய், பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று வீட்டில் சொன்னார்கள். இதற்கு முன்னே சாண்ட்ராவுக்கு வந்த ஒரு சம்பந்தம், "அம்மா மார்க்கெட்ல மீன் விக்கிறாங்களாமே" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனது. அதனால் இந்த முறை தாய்க்கும் மகளுக்கும் பயம்தான்.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும் அன்று காலையிலேயே சாண்ட்ரா ஒரு கட்டளை போட்டாள். "அம்மா, அவங்க எதிர்ல சீரியல் பேச்சே எடுக்கக் கூடாது. அவங்க அம்மா ரொம்ப டீசன்ட்டாம். சௌந்தரவல்லி கிவுந்தரவல்லினு ஆரம்பிச்ச, அவ்ளோதான்."

"நான் எதுக்குடி பேசப் போறேன். வாய்ல கொழுக்கட்ட வெச்சிக்கறேன்."

வந்தார்கள். பிராங்கிளினின் அப்பா லியோனார்ட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். உயரத்தில் தனியாகவே உட்கார்ந்து பழகினவரோ என்னவோ, பேச்சு குறைவு. அம்மா ஜானட் கஞ்சி போட்ட புடவையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். சாண்ட்ராவைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கப்புறம் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. சம்பந்தம் முடிவாகும் வரைக்கும் மாப்பிள்ளையின் தாய் பெண் வீட்டில் வாயில் ஒன்றும் போட மாட்டாள். பிடித்துப்போனால் கை நனைப்பாள். அவள் கை நனைத்துவிட்டால் அப்புறம் பேச்சு மாறக் கூடாது, அதோடு சம்பந்தம் உறுதி. சிலுவையம்மாள் கேக், முறுக்கு, காபி எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். ஜானட் தொடவில்லை.

நான் உறவு பிடிக்கப் பார்த்தேன். "உங்க அம்மா மூலக்கொத்தளம் ரயில்வே சூசையோட பெரிய பொண்ணு தானே?"

"ஆமாங்க" என்றாள், கண் கடிகாரத்தில்.

"அப்படின்னா சூசைக்குப் பொண்ணு குடுத்தது எங்க சித்தப்பா வகையறாவுல..."

"அப்பறமா பேசுவோம் பெரியவரே. நேரம் ஆவுது." அவள் எழுந்துவிட்டாள். "சொல்லி அனுப்புறோம்" என்று லியோனார்ட் சொன்னார். ஏழு மணிக்கெல்லாம் படி இறங்கிவிட்டார்கள்.

சாண்ட்ரா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ஏழரை மணிக்கு சிலுவையம்மாள் டிவியைப் போட்டாள், மகளைப் பார்த்தாள், அணைத்துவிட்டாள். மறுநாள் மார்க்கெட்டில் கதை இல்லை. "கரண்ட் பூட்ச்சி" என்று சொன்னாளாம். கெங்கம்மாவே அன்று கதையைச் சொல்லப் போய், யார் யாருக்குத் தங்கச்சி என்பதில் குழம்பி, அத்தாவுல்லா திருத்தினானாம்.

பத்து நாள் ஆயிற்று. சொல்லி அனுப்பவில்லை. பிராங்கிளினைக் கேட்டால், "அம்மா ஒண்ணியும் பிடிகுடுத்துப் பேச மாட்றாங்க, கொஞ்சம் பொறு" என்றான். அதற்குள் அவனுடைய ஆலையில் எந்திரங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் வேலை வந்துவிட்டது. உள்ளேயே தங்க வேண்டும், போன் எடுத்துப் போகக் கூடாது. அவன் குரலும் நின்றுபோனது. சாண்ட்ரா சோற்றைப் பிசைந்து பிசைந்து எழுந்து போவாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அருள்விழி செத்தாள்.

மலைப்பாதையில் காரின் பிரேக் ஒயரை சௌந்தரவல்லி அறுத்து விட்டிருந்தாள். கார் உருண்டு, தீப்பிடித்து, உடல் என்று ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். மறுநாள் கல்மண்டபம் மார்க்கெட்டைப் பார்த்திருக்க வேண்டும். கெங்கம்மா நாஷ்டா சாப்பிடவில்லை. அத்தாவுல்லா, "இனிமே நான் அந்த சேனல் பக்கமே போக மாட்டேன்" என்று சொல்லி, தான் பார்க்கிறதை ஒப்புக்கொண்டான். கெங்கம்மா போனில் அந்த சீரியல் வீடியோவுக்குக் கீழே வாயாலேயே பேசி ஒரு கமெண்ட் போட்டாள்: "டைரக்டரு, நீ எந்த ஊர்ல வேணா இரு, கல்மண்டபம் பக்கம் மட்டும் கருவாடு வாங்க வந்துடாத." அதற்கு ஆயிரக்கணக்கில் லைக் விழுந்தது. மதுரையிலிருந்து ஒருத்தி, "எங்க ஊருக்கும் வரக் கூடாது" என்று பதில் போட்டிருந்தாள். கெங்கம்மா அதை மார்க்கெட் முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தாள்.

சிலுவையம்மாள் மட்டும் அன்றைக்கு சத்தம் போடவில்லை. "முகத்தக் கூடக் காட்டலியே" என்று மட்டும் சொன்னாள். "துணிய சுத்தி எடுத்துகினு பூட்டாங்க. பெத்தவ வந்து கேக்குறா, மூஞ்ச ஒரு தபா காட்டுங்கன்னு. காட்டவே இல்ல கெங்கா."

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைப் பூசைக்கு நான் போயிருந்தேன். எங்கள் கோயிலில் பூசை தொடங்கும் முன்னே சாமியார் அன்றைய கருத்துகளை வாசிப்பார்: யாருக்குச் சுகம் வேண்டி, யாருடைய பிறந்த நாளுக்கு, இறந்துபோன யாருடைய ஆத்துமாவுக்காக, கொடுப்பது யார் என்று. வாசித்துக்கொண்டே வந்தவர், "மறைந்த அருள்விழியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, கல்மண்டபம் சிலுவையம்மாள் குடும்பத்தார்" என்றார்.

பெண்கள் பக்கத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நாலைந்து பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

நான் சீரியல் பார்க்கிற பழக்கம் இல்லாதவன். மார்க்கெட்டில் காதில் விழும் கதையில் பேர் மனசில் நிற்கிறதில்லை. அருள்விழி யார்? எனக்குத் தெரியாமல் எங்கள் குடும்பத்தில் ஒரு சாவா? பூசை முழுக்க எனக்கு ஜெபம் ஓடவில்லை. பழவேற்காட்டு வகையறாவில் தேடினேன். அங்கே அருளப்பன் உண்டு, அருள்விழி இல்லை. சைமனின் பெரியப்பா எண்ணூர்ப் பக்கம் ரெண்டாவதாக ஒரு குடும்பம் வைத்திருந்தார் என்று பேச்சு. ஒருவேளை அந்த வழியிலா? பீடத்தில் நன்மை அப்பம் வாங்கித் திரும்பும்போதுகூட அந்த ரெண்டாம் குடும்பத்துப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். "இன்னாம்மே, தாய்மாமன்னு ஒருத்தன் உசுரோட கீறேன். எனக்கு சொல்லாம எந்த சாவு நடந்துச்சு? யாரு அந்த அருள்விழி?"

சிலுவையம்மாள் டிவியைப் பார்த்தாள். சாண்ட்ரா தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது.

"சீரியல் பொம்பளைக்குப் பூசையா?"

"நீ கத்தாத மாமா. பெத்தவள விட்டா அவளுக்கு யாரு கீறா? புருசன் ஜெயில்ல. மாமியாரு காரியம் கூட பண்ணல. நம்ம தெரு நாய் செத்தாக்கூட ஒரு கை மண்ணு போடுறோம்." குரலைத் தாழ்த்தினாள். "மூஞ்சி காட்டாம எடுத்துட்டா அது இன்னா மாதிரி இருக்கும்னு எனக்குத் தெரியும் மாமா. மனசு கேக்கல. அதான்."

"சாமியாருக்குத் தெரிஞ்சா அடுத்த வாரம் பிரசங்கத்துல நீதான்" என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த ஆப்பத்தைச் சாப்பிட்டேன்.

அந்தப் பூசையில் கடைசி பெஞ்சில் லியோனார்ட் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, திருவொற்றியூர் பஸ் பிடிக்கும் முன்னே பூசை பார்க்க எங்கள் கோயிலில் நுழைந்திருக்கிறார். பாதித் தூக்கம். மறைந்த என்றதும், கல்மண்டபம் சிலுவையம்மாள் குடும்பத்தார் என்றதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. நடுவில் சொன்ன பேர் மனசில் நிற்கவில்லை. வீட்டுக்குப் போய் ஜானட்டிடம், "அந்தப் பொண்ணு வூட்ல சாவு விழுந்துகீது. யாரோ பொம்பளையாளு" என்றார். ஜானட்டுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நாம் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறோம், அதனால்தான் சாவைக்கூட நமக்குச் சொல்லவில்லை என்று நினைத்தாள். சாவு சமாச்சாரத்தை போனில் கேட்கிற பழக்கம் எங்கள் ஜனத்தில் கிடையாது. நேரில் போக வேண்டும், மாலையோடு போக வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலம் போவது என்று முடிவு செய்தார்கள்.

அதே திங்கட்கிழமை சிலுவையம்மாள் வீட்டில் நிற்க இடம் இல்லை. காலையிலேயே சேனல்காரன் ஒரு துண்டுக் காட்சியைப் போட்டுவிட்டான்: சௌந்தரவல்லி வீட்டு வாசலில் முக்காடு போட்ட ஒரு பெண் நிற்கிறாள், கால் மட்டும் தெரிகிறது. அந்தக் காலைப் பற்றி மார்க்கெட்டில் பெரிய சண்டை. "அது அருள்விழி காலுதான், மிஞ்சியப் பாரு" என்று கெங்கம்மா. "செருப்பு வேற மாதிரி கீது" என்று அத்தாவுல்லா. ஏழரை மணிக்கு எல்லோரும் ஒரே இடத்தில் பார்த்துத் தீர்ப்பு சொல்வது என்று ஏற்பாடாகிவிட்டது. கெங்கம்மா ஒரு தட்டு நிறைய சுறாப்புட்டு கொண்டுவந்து நாற்காலி மேல் வைத்தாள். சாண்ட்ரா வெறுப்பாக ஜன்னல் ஓரம் நின்றாள். நான் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில்.

முக்காட்டுப் பெண் நடந்து வருகிறாள். பின்னாலே மேளம் அடிக்கிறது. சௌந்தரவல்லி கையிலிருந்த ஆரத்தித் தட்டு நழுவுகிறது. காற்றில் முக்காடு கொஞ்சம் விலகி, பாதிக் கண் தெரிகிறது. வீடே எழுந்து நின்று கத்தியது. அத்தாவுல்லா வாயில் ரெண்டு விரலை வைத்து விசில் அடித்தான். கெங்கம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி, "வந்துட்டா பெரியவரே, வந்துட்டா" என்றாள்.

அப்போதுதான் கதவு ஓரம் ஒரு நிழல் தெரிந்தது.

லியோனார்ட். கையில் பெரிய ரோஜா மாலை, ஒரு மெழுகுவத்திக் கட்டு. பக்கத்தில் ஜானட், வெள்ளைப் புடவையில், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு.

விசில் அப்படியே நின்றது. டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"வாங்க, வாங்க" என்றாள் சிலுவையம்மாள். அப்புறம்தான் மாலையைப் பார்த்தாள்.

லியோனார்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "துக்கம் கேக்க வந்தோம். நேத்து பூசைல சாமியாரு வாசிச்சாரு. போனது யாருங்க?"

எல்லோரும் சிலுவையம்மாளைப் பார்த்தார்கள். கெங்கம்மாவுக்கு மட்டும் மௌனம் தாங்காது. அவள் டிவியைக் கை காட்டினாள். "அதோ, அந்தப் பொண்ணு தாங்க. இப்பத்தான் திரும்பி வந்துச்சு."

லியோனார்ட் டிவியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "சீரியலா? கோயில்ல பூசை வெச்சி விளையாடுறதா? ஒரு சாவுன்னு மனசு பதறி நாங்க வந்துகினு கீறோம். இங்க விசில் அடிச்சிகினு... இது சரிப்படாது. ஜானட், கெளம்பு."

சிலுவையம்மாள் கும்பிட்டாள். "விளையாட்டு இல்லீங்க. என் வூட்டுக்காரர மூடின பெட்டில தான் கொண்டாந்தாங்க. மூஞ்சி காட்டல. இந்தப் பொண்ணையும் அதே மாதிரி காட்டாம எடுத்தாங்க. பாத்துகினு இருக்க முடியல. பைத்தியக்காரத்தனம் தான். என் பைத்தியத்துக்கு எம்பொண்ண தண்டிச்சிடாதீங்க."

லியோனார்ட் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர், அந்த மாதிரிப் பெட்டிகள் வந்து இறங்குவதைப் பார்த்திருப்பார். ஆனாலும் காலைத் திருப்பிவிட்டார். "ஜானட்" என்றார் மறுபடியும்.

ஜானட் நகரவில்லை. கைக்குட்டை இன்னும் வாயில் இருந்தது. கண் டிவியில் இருந்தது.

"இருங்க" என்றாள். "முக்காடு எடுக்கப் போறா."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, பாயில் கெங்கம்மாவுக்கும் அத்தாவுல்லாவின் வீட்டுக்காரிக்கும் நடுவில் இருந்த இடத்தில் சரக்கென்று உட்கார்ந்தாள். முக்காடு விலகியது. அருள்விழிதான். நெற்றியில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். வீடு மறுபடியும் கத்தியது, ஜானட்டும் சேர்ந்து கத்தினாள்.

"நான் சொல்லல?" என்று கெங்கம்மாவைத் தட்டினாள், என்னவோ சின்ன வயசு முதல் பழகினவள் மாதிரி. "மூஞ்சி காட்டாம எடுத்தப்பவே சொன்னேன், இவ சாவலன்னு. எங்க வூட்ல யாரு கேட்டா? இவரு சீரியல் பாத்தாலே மொறைப்பாரு. இன்னைக்கு இந்த எபிசோட விட்டுட்டு சாவு வூட்டுக்கு வரணுமேன்னு பஸ்ல எத்தினி வேதனையா வந்தேன் தெரியுமா?"

"அப்ப அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப?" என்று சிலுவையம்மாள் இழுத்தாள்.

"அன்னைக்குத்தானே கோர்ட் சீனு. ஏழரைக்குள்ள வூடு போய்ச் சேர முடியுமான்னு எனக்கு உசுரே இல்ல. நீங்க வேற கேக் எடுத்துகினு வர்றீங்க, பெரியவரு மூலக்கொத்தளம் சொந்தத்த ஆரம்பிக்கிறாரு."

"நான் மட்டும்? கோர்ட்ல இன்னா தீர்ப்போன்னு தவிச்சிகினு இருந்தேன். வாயத் தொறக்கக் கூடாதுன்னு இவ கட்டளை."

"அப்பறம் ஏங்க பதிலு சொல்லி அனுப்பல?" என்று கெங்கம்மா கேட்டாள்.

ஜானட் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள். "அவசரமா எழுந்து வந்துட்டேன். நீங்க தப்பா எடுத்துகினு இருப்பீங்கன்னு வெக்கம். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. எங்களுக்குப் பொண்ண புடிக்கலன்னு யாரு சொன்னது?" அதைச் சொல்லும்போதே அவள் கை நாற்காலிப் பக்கம் போனது. சுறாப்புட்டை ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு கை அள்ளினாள்.

நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன். "எல்லாரும் பாருங்க" என்றேன். "மாப்பிள்ளையோட அம்மா கை நனைச்சாச்சு."

ஜானட் தன் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் புட்டு. அந்த நேரம் பார்த்து டிவியில் விளம்பரம் போட்டுவிட்டான். அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் வாசலில் மாலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"நனைச்சது நனைச்சது தான்" என்றாள் ஜானட். "நீங்களும் உள்ள வாங்க. புட்டு ஷோக்கா கீது. சம்மந்தியம்மா, இதுல இன்னா போட்டீங்க?"

"செஞ்சது நானு" என்றாள் கெங்கம்மா.

சாண்ட்ரா ஜன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தால் தோள் குலுங்கச் சிரிக்கிறாள்.

லியோனார்ட் செருப்பைக் கழற்றினார். கழற்றிவிட்டு, கையிலிருந்ததை என்ன செய்வது என்று தெரியாமல், "இந்த மாலைய இன்னா பண்றது?" என்று கேட்டார். அத்தாவுல்லா, "டிவிக்குப் போட்டுடலாம் சார், மூணு வருசம் ஒழைச்சிகீது" என்றான். சிலுவையம்மாள் எழுந்து மாலையை வாங்கினாள். சுவரில் சைமன் படத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மாலை கிடந்தது. அதை எடுத்துவிட்டு ரோஜா மாலையைப் போட்டாள். படத்தில் சைமன் பாடப் போகிற மாதிரி வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருப்பான். மாலையை ரெண்டு பக்கமும் இழுத்து, முகம் மறையாமல் சரி பண்ணினாள். லியோனார்ட் தானே மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்தார். அதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது, "குந்துங்க, குந்துங்க" என்று ஜானட் எல்லோரையும் அதட்டினாள்.

எபிசோடு முடிந்ததும் நான் விட்ட இடத்தில் பிடித்தேன். ரயில்வே சூசைக்குப் பெண் கொடுத்தது எங்கள் சித்தப்பாவின் பங்காளி வீடு. அந்த வழியில் ஜானட் எனக்கு மகள் முறை. இந்தத் தடவை அவள் கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

நாலு நாள் கழித்து ஆலையிலிருந்து வெளியே வந்த பிராங்கிளின், போனைத் திறந்ததும் முதலில் பார்த்தது தன் அம்மாவும் சிலுவையம்மாளும் சேர்ந்து போட்ட ஒரு கமெண்ட். சௌந்தரவல்லிக்குத் தூக்குத் தண்டனை கேட்டிருந்தார்கள். கீழே, "இப்படிக்கு சம்மந்திகள், திருவொற்றியூர் மற்றும் கல்மண்டபம்" என்று இருந்தது. அப்படித்தான் அவனுக்குத் தன் கல்யாணம் நிச்சயமான சேதி தெரிந்தது.

சாமியாருக்கு விஷயம் போகாமல் இருக்குமா? சிலுவையம்மாள் நன்றிப் பூசைக்குக் கொடுக்கப் போனபோது, "யாருக்கு நன்றி? பேரு சொல்லு. ரேஷன் கார்டுல பேரு உள்ள ஆளுதானே?" என்று கேட்டாராம். அவள், "இல்ல பாதர், இது சைமனுக்கு" என்றாளாம். அவர் பேரை எழுதிக்கொண்டாராம்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னே மூணு ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. முதல் ஓலை அன்று கோயில் நிரம்பி வழிந்தது. கெங்கம்மா மதுரைமல்லி வைத்துக்கொண்டு முன் வரிசையில். அத்தாவுல்லா வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திருவொற்றியூர் லியோனார்ட், ஜானட் மகன் பிராங்கிளினுக்கும், கல்மண்டபம் மறைந்த சைமன், சிலுவையம்மாள் மகள் சாண்ட்ராவுக்கும்" என்று வாசித்த சாமியார் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். பெண்கள் பக்கம் பார்த்து, "சிலுவையம்மா, இவங்க எல்லாரும் நெசமாவே உள்ள ஆளுங்க தானே?" என்றார்.

கோயிலே சிரித்தது. சிலுவையம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஆமா பாதர்" என்றாள். "எல்லாரு மூஞ்சியும் பாத்தாச்சு."